புயல் தீவில் கூரை செப்பனிடுதல்

கனடாவின் கிழக்குக் கோடியில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், வீட்டுக் கூரையைக் கெடுப்பதில் மழையை விடக் காற்றுக்கும், வீட்டுக்குள் எரியும் கணப்புக்கும் பங்கு அதிகம். தலைநகர் செயின்ட் ஜான்ஸில் ஆண்டுதோறும் 3 மீட்டருக்கு மேல் பனி விழுகிறது. மழையும் பனியுமாகச் சேர்த்தால் சுமார் 1,500 மி.மீ. நீர். காற்றின் ஆண்டுச் சராசரி வேகமே மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டும். 

கடல் அருகில் இருப்பதால் இங்கே குளிர்காலம் ஒரேயடியாக உறைந்து கிடப்பதில்லை. வெப்பநிலை 0 டிகிரியைச் சுற்றியே ஏறி இறங்குகிறது. கூரைக்குப் பெரிய கேடு இந்த ஏற்ற இறக்கம்தான். பகலில் உருகி விரிசலுக்குள் புகும் நீர் இரவில் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கிறது, விரிசலை அகட்டுகிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் நீருக்கு இடம் கிடைக்கிறது. ஒரு குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும்.

இதற்கு மேல் புயல்கள். 2010 செப்டம்பர் 21 அன்று இகோர் சூறாவளியும், 2021 செப்டம்பர் 11 அன்று லாரி சூறாவளியும் தீவைத் தாக்கின. 2020 ஜனவரி 17 அன்று வந்த பனிப்புயல் செயின்ட் ஜான்ஸ் விமான நிலையத்தில் ஒரே நாளில் 76.2 செ.மீ. பனியைக் கொட்டியது. மணிக்கு 120 கி.மீ.க்கு மேல் வீசிய காற்று அந்தப் பனியை வாசற்கதவுகளின் உயரத்துக்குக் குவித்தது. நகரில் 8 நாட்கள் அவசரநிலை நீடித்தது. ராணுவம் வந்து பனியை அள்ளியது. தீவின் தென்மேற்கு மூலையில் ரெக்ஹவுஸ் என்ற இடத்தில் மலைச்சரிவிலிருந்து இறங்கும் காற்று, 1988 வரை தீவில் ரயில் ஓடிய காலத்தில், தண்டவாளத்தில் நின்ற ரயில் பெட்டிகளைக் கவிழ்த்ததுண்டு. அங்கே வாழ்ந்த லாக்கி மக்டூகல் என்பவரை, காற்றைக் கணித்துச் சொல்வதற்காகவே ரயில்வே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவர் ஆகாது என்றால் ரயில் நின்றது.

இப்படிப்பட்ட ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவான மரக் கூரைதான். கைமரங்களின் மேல் பலகை அல்லது பிளைவுட், அதன் மேல் நீர் புகாத தாள், எல்லாவற்றுக்கும் மேலே ஷிங்கிள். கண்ணாடி நார்ப் பாய் ஒன்றைத் தாரில் தோய்த்து, மேலே கல்துகளைப் பதித்துச் செய்யும் வளையக்கூடிய பட்டைதான் ஷிங்கிள். நம் நாட்டு ஓடு தன் கனத்தால் கூரையில் உட்காருகிறது. ஷிங்கிளுக்கு அந்தக் கனம் இல்லை. அதை நிறுத்திவைப்பவை சில ஆணிகளும், கீழ்வரிசையோடு பிணைக்கும் ஒரு பசைக்கோடும்தான்.

காற்று கூரையை அழுத்திக் கெடுப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. சுவரில் மோதி மேலே ஏறும் காற்று, கூரையின் விளிம்பைத் தாண்டும்போது பிரிந்து விரைகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து இழுவிசை உண்டாகிறது. இறவாரம், மூலைகள், முகடு ஆகிய மூன்று இடங்களில் இந்த இழுப்பு மிகக் கடுமை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், 60 கி.மீ. காற்றைத் தாங்கிய கூரை 120 கி.மீ. காற்றையும் ஓரளவு தாங்கும் என்று கணக்கிட முடியாது.

பசைக்கோடு விட்டுப்போன ஷிங்கிளைக் காற்று தூக்கி, ஆணி அடித்த கோட்டிலேயே பின்னால் மடிக்கிறது. சில வேளை அது பிய்ந்து தெருவில் விழும். பல வேளை காற்று ஓய்ந்ததும் பழையபடி படிந்துவிடும். ஆபத்தானது இந்த இரண்டாவது வகைதான். தரையிலிருந்து பார்த்தால் கூரை முழுதாகத் தெரியும். அருகில் போய்ப் பார்த்தால் மடிந்த இடத்தில் கல்துகள் உதிர்ந்து, கண்ணாடி நார் கீறிய ஒரு கோடு கிடக்கும். அந்தக் கோட்டின் வழியாக நீர் இறங்கும். அடுத்த புயலில் ஷிங்கிளும் போய்விடும். பிய்ந்ததை மட்டும் மாற்றிவிட்டு இறங்கும் கூரைக்காரர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். சுற்றிலும் உள்ள ஷிங்கிள்களை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்து, ஒட்டாதவற்றையும் மடிந்தவற்றையும் கண்டறிவதுதான் புயலுக்குப் பிந்தைய பழுதுபார்ப்பில் முதல் வேலை.

ஒரே ஒரு ஷிங்கிளை மாற்றுவதற்கு அதற்கு மேலுள்ள இரண்டு வரிசைகளின் பசையையும் பிரிக்க வேண்டும். ஷிங்கிளின் ஆணிகள் மேல்வரிசைக்கு அடியில் மறைந்திருக்கின்றன. மேல்வரிசையின் ஆணிகளும் இதன் தலைப்பகுதியை ஊடுருவி நிற்கின்றன. தட்டையான கடப்பாறையை உள்ளே செலுத்தி, ஆணிகளை நெம்பி எடுத்து, பழையதை உருவிப் புதியதைச் சொருகுகிறார்கள். குளிரில் இது எளிதல்ல. உறைநிலையில் ஷிங்கிள் அப்பளம் போல நொறுங்கும். ஒன்றை மாற்றப் போய் மூன்றை உடைப்பது சாதாரணம்.

பசையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஷிங்கிளின் பசைக்கோடு வெயிலில் இளகி ஒட்டும்படி செய்யப்பட்டது. 5 டிகிரிக்குக் கீழே அது ஒட்டுவதில்லை. நியூஃபவுண்ட்லாந்தில் அக்டோபருக்குப் பின் போட்ட ஷிங்கிள், குளிர்கால முதற்புயலை வெறும் ஆணியின் பலத்தில்தான் சந்திக்கிறது. ஆகவே குளிரில் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு ஷிங்கிளின் அடியிலும் நாணயம் அளவில் தார்ப் பசையைக் கையால் வைத்து அழுத்துகிறார்கள். ஆணியிலும் வழக்கமான 4க்குப் பதில் 6 அடிக்கிறார்கள். ஆணி எங்கே, எப்படி இறங்குகிறது என்பது எண்ணிக்கையை விட முக்கியம். காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்கும் ஆணி சற்று ஆழமாகப் போனால், அதன் தலை ஷிங்கிளைக் கிழித்துக்கொண்டு உள்ளே அமிழ்ந்துவிடும். குறியிட்ட கோட்டுக்கு மேலே அடித்த ஆணியும் பிடிக்காது. கடற்காற்றின் உப்பு துருப்பிடிக்க வைக்கும் என்பதால் துத்தநாகம் பூசிய ஆணிதான் வேண்டும்.

ஷிங்கிள் போவதைவிடப் பெரிய சேதம், கூரையே சுவரை விட்டுப் பெயர்வது. பழைய வீடுகளில் கைமரத்தைச் சுவரோடு சேர்ப்பவை சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணிகள் மட்டுமே. ஒன்டாரியோவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘மூன்று சிறு பன்றிகள்’ என்ற பெயரிட்ட திட்டத்தில் முழு வீடு ஒன்றைக் கட்டி, புயலின் அழுத்தத்தை அதன்மேல் செலுத்திப் பார்த்தார்கள். அவர்கள் உற்று நோக்கிய பலவீனமான இடங்களில் இந்த இணைப்பும் ஒன்று. இதற்கு மாற்று, கைமரத்தின் மேல் வளைந்து சுவர்ச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறிய எஃகுப் பட்டை. கட்டும்போதே போட்டால் செலவு மிகக் குறைவு. கட்டிய வீட்டிலும், இறவாரத்தைப் பிரித்து வேலை செய்யும் வேளையில் சேர்த்துவிடலாம். இதைச் செய்யாமல் உயர்ந்த விலை ஷிங்கிளுக்குக் காசு போடுவது முன்யோசனை ஆகாது.

அடுத்தது பனிக்கட்டி அணை. கூரையில் பனி கிடக்கிறது, வெளியே கடுங்குளிர். வீட்டின் சூடு மச்சுக்குள் கசிந்து கூரைப்பலகையைச் சூடாக்குகிறது. பனியின் அடிப்பகுதி உருகி, நீர் சரிவில் வழிந்து இறவாரத்தை அடைகிறது. இறவாரம் சுவருக்கு வெளியே நீண்டிருப்பதால் அதன் அடியில் சூடு இல்லை. நீர் அங்கே மறுபடி உறைகிறது. நாளடைவில் விளிம்பில் ஒரு பனிக்கட்டி வரப்பு எழுகிறது. பின்னால் வரும் நீர் அந்த வரப்பில் தேங்கி, மேல்நோக்கி ஏறி, ஷிங்கிள்களின் அடியில் புகுகிறது. ஷிங்கிள் மேலிருந்து கீழே ஓடும் நீரைத் தடுக்கச் செய்யப்பட்டது. தேங்கி எதிர்த்து ஏறும் நீரைத் தடுக்க அதனால் முடியாது. ஓட்டையே இல்லாத புத்தம்புதுக் கூரையும் இப்படித்தான் ஒழுகும்.

இறவாரத்தில் தடித்த பனிக்கம்பிகள் தொங்குவது இதன் அறிகுறி. தெருவில் எல்லா வீட்டுக் கூரையிலும் பனி கிடக்க, ஒரு வீட்டில் மட்டும் விரைவில் உருகிப் போனால், அந்த வீட்டில் சூடு மேலே கசிகிறது என்று பொருள். தற்காலிகமாகச் செய்யக்கூடியது, நீண்ட கைப்பிடியுள்ள வாரியால் தரையில் நின்றபடியே விளிம்புப் பனியை இழுத்துவிடுவது. கால்சியம் குளோரைடை நிரப்பிய துணிக் குழாயை வரப்பின் குறுக்கே வைத்தால் நீர் வெளியேற ஒரு வாய்க்கால் உண்டாகும். கோடரியால் கொத்துவது கூரையையே கொத்துவதாகும்.

நிரந்தரத் தீர்வு கூரையின் மேல் இல்லை. அதன் அடியில் இருக்கிறது. மச்சுக்குள் சூடு புகும் துளைகளை முதலில் அடைக்க வேண்டும்: விளக்குப் பொருத்திய இடம், குழாய் செல்லும் இடுக்கு, மச்சுக் கதவின் ஓரம். பிறகு வெப்பக்காப்புப் பஞ்சைக் கூட்ட வேண்டும். இறவாரத்தின் அடியில் காற்று நுழைந்து முகட்டில் வெளியேறும்படி வழி விட வேண்டும். சரிவான கூரைகளில் அந்தத் திறப்புகளின் மொத்தப் பரப்பு, மேற்தளப் பரப்பில் 300இல் ஒரு பங்கு என்பது கனடியக் கட்டட விதிகளின் கணக்கு. அதையும் மீறி நீர் ஏறினால் தடுப்பதற்காக, ஷிங்கிளுக்கு அடியில் தானே ஒட்டும் தார்ப்படலம் ஒன்று. விளிம்பிலிருந்து குறைந்தது 900 மி.மீ., அதோடு வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மி.மீ. வரை அது போக வேண்டும். ஆணி துளைத்த இடத்தையும் இந்தப் படலம் தானே இறுக்கிக்கொள்ளும்.

கூரையில் எந்தப் பழுதும் இல்லாமலே ஒழுகும் வீடுகளும் உண்டு. குளியலறை விசிறி ஈரக்காற்றை வெளியே தள்ளாமல் மச்சுக்குள் தள்ளினால், அந்த ஈரம் குளிர்ந்த கூரைப்பலகையின் அடியிலும் ஆணி முனைகளிலும் வெண்மையாக உறைந்து சேர்கிறது. ஒரு நாள் வெயில் வந்ததும் எல்லாம் ஒரேயடியாக உருகிச் சொட்டுகிறது. மழையே இல்லாத நாளில் ஒழுகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். காற்று மிகுந்த இந்தத் தீவில் இன்னொன்றும் நடக்கிறது: மாவுபோன்ற நுண்பனியைப் புயல் முகட்டுத் திறப்பின் வழியே மச்சுக்குள் ஊதிவிடுகிறது. ஷிங்கிளை மாற்றி இவை இரண்டும் தீராது. விசிறிக் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோவதும், திறப்பில் காற்றுத் தடுப்பு உள்ளதைப் பொருத்துவதுமே வழி.

உண்மையான ஒழுக்கிலும், சொட்டும் இடம் வேறு, நீர் புகுந்த இடம் வேறு. புகுந்த நீர் கைமரத்தோடு வழிந்து, எங்கோ ஓர் ஆணியில் தடைப்பட்டுச் சொட்டுகிறது. எனவே மச்சுக்குள் ஏறி, கறையைப் பிடித்துக்கொண்டு சரிவின் மேல்நோக்கித் தேட வேண்டும். தடம் பெரும்பாலும் பரந்த சரிவில் முடிவதில்லை. புகைபோக்கியின் அடி, குழாயைச் சுற்றிய ரப்பர் வளையம், இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய், சுவரோடு கூரை சந்திக்கும் மூலை ஆகிய இணைப்புகளில் முடியும். புகைபோக்கியைச் சுற்றி ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தகடாகப் படிப்படியாக மடித்து, மேலே செங்கல் இணைப்புக்குள் இன்னொரு தகட்டைச் செருகுவது முறையான வேலை. அதற்குப் பதிலாகத் தாரை அப்பினால் ஒன்றிரண்டு குளிர்காலம் தாங்கும். பிறகு உறைந்து உருகி வெடித்துவிடும்.

செயின்ட் ஜான்ஸ் நகரின் பழைய பகுதியில் கதை சற்று வேறு. 1892 ஜூலை 8 அன்று பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்த பின் எழுந்த மரத் தொடர்வீடுகள் அங்கே உள்ளன. பல நிறங்களில் வரிசையாக நிற்பதால் ‘ஜெல்லிபீன் வரிசை’ என்று அழைக்கப்படுகின்றன. இவற்றில் பலவற்றின் மேற்கூரை ஏறக்குறையத் தட்டை. அங்கே ஷிங்கிள் உதவாது. தார்ப்படலத்தை விரித்து மூட வேண்டும். நெருப்பால் சூடாக்கி ஒட்டும் படலம் உறுதியானதுதான். ஆனால் ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய மர வீடுகளில் நெருப்பைக் கூரைக்குக் கொண்டுபோவது பெரும் ஆபத்து. தானே ஒட்டும் படலம் பாதுகாப்பானது. இரண்டு வீடுகளின் படலம் சேரும் இடத்தில் அண்டை வீட்டாரும் உடன்படாமல் நல்ல வேலை அமையாது.

புயல் நடுவே கூரை திறந்துகொண்டால் யாரும் மேலே ஏறக் கூடாது. உள்ளே வாளி வைக்கலாம். மேற்தளம் நீர் கோத்து உப்பினால், தாழ்ந்த இடத்தில் சிறு துளையிட்டு வடிய விட்டால் முழுப் பலகையும் விழாமல் தப்பும். காற்று அடங்கியபின் தார்ப்பாயை முகட்டுக்கு அப்பாலும் போகும்படி விரித்து, ஓரங்களை மரச் சட்டத்தில் சுருட்டி, சட்டத்தைத் திருகாணியால் பொருத்த வேண்டும். கல்லை வைத்தால் காற்று கல்லையும் சேர்த்து எறியும்.

நிரந்தர வேலைக்குக் காலம் குறுகியது. ஜூனில் கேப்லின் என்ற சிறுமீன் கூட்டம் கரையேறும் நாட்களில் மூடுபனியும் தூறலும் குளிருமாக இருக்கும். ‘கேப்லின் வானிலை’ என்றே உள்ளூரில் அதற்குப் பெயர். அதன்பின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரின் ஒரு பகுதி. அதற்குள் சூறாவளிப் பருவத்தின் உச்சமும் வந்துவிடும். பழுது ஒரு சரிவின் சிறு பகுதியில் மட்டும் என்றால் அதை மட்டும் செப்பனிடலாம். கல்துகள் உதிர்ந்து இறவாரத் தூம்பில் மணலாகச் சேர்ந்திருந்தால், ஓரங்கள் சுருண்டிருந்தால், முழுக் கூரையையும் பிரிப்பதே சிக்கனம். பழையதன் மேலேயே புதிய ஷிங்கிளை அடிப்பது மலிவாகத் தோன்றும். ஆனால் அப்போது அடியில் உளுத்த பலகை கண்ணில் படாது. விளிம்பில் தார்ப்படலம் ஒட்டவும் வழியிருக்காது. பிரித்தபின், காலால் மிதித்து அமுங்கும் பலகைகளை எல்லாம் மாற்றி, தளர்ந்தவற்றைக் கைமரத்தோடு மறுபடி ஆணியடித்து இறுக்கிய பிறகுதான் முதல் படலத்தை விரிக்க வேண்டும்.