விழாத வண்டி எது? இரண்டு சக்கரமா, சைடு வீலா?

கயத்தாறிலிருந்து பேசுகிறேன். போன பகுதியில் ஹெட்லைட் பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கால் தடுமாறுது. ஸ்கூட்டர்ல சைடு வீல் மாட்டலாமா? மூணு சக்கர வண்டின்னா பயமில்லைதானே?"

இந்தக் கேள்வி எனக்கும் சொந்தக் கேள்விதான். எனக்கு வயது 62. போன ஐப்பசியில் என் வீட்டு வாசலில் விழுந்தேன். வண்டி ஓடவே இல்லை. கேட்டைத் திறப்பதற்காக நிறுத்தி, இடது காலை ஊன்றினேன். மழையில் நனைந்த கரிசல் மண் வழுக்கியது, முட்டி மடங்கியது, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்கூட்டர் அப்படியே என்மேல் சாய்ந்தது. எலும்பு தப்பித்தது. ஆனால் பத்து நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. மகள் போனில் சொன்னாள்: "பேசாம சைடு வீல் மாட்டிருங்கப்பா. அது விழாது."

நானும் அப்படித்தான் நினைத்தேன், சித்தி மகள் அக்காவின் வண்டியை ஓட்டிப் பார்க்கும் வரைக்கும்.

அக்கா நடத்திய பாடம்

அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ. இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014 மார்ச்சில் சான்று கிடைத்தது. அதற்கு முன்னால் பிறந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கால் போன பிறகு கை கொடுத்தது இந்த சைடு வீல் ஸ்கூட்டர்தான். அக்கா பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறாள். தையல் கடைக்கும் சந்தைக்கும் கோவில்பட்டிக்கும் அதில்தான் போய் வருகிறாள்.

முதலில் ஒரு விஷயம். மூணு சக்கர வண்டி என்று நாம் சொன்னாலும், எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் நாலு சக்கரம் இருக்கும். சாதாரண ஸ்கூட்டரின் முன் சக்கரமும் பின் சக்கரமும் அப்படியே இருக்க, பின்னால் இரண்டு பக்கமும் ஒரு சட்டத்தில் இரண்டு சக்கரங்களைப் பொருத்துவார்கள். முன்னால் ஒன்று, பின்னால் அகலமாக மூன்று. இந்த முக்கோண வடிவம் முக்கியம், பிறகு வருகிறேன்.

அக்கா களத்துமேட்டில் வண்டியைக் கொடுத்தாள். நேராக ஓட்டும்போது சொர்க்கம். நிறுத்தினேன், கால் ஊன்ற வேண்டியதில்லை. "இதுக்குப் போயா பதினெட்டு வருஷம் பெருமை பேசுன?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "ஏலே, திருப்பு பாப்போம்" என்றாள்.

என் பழக்கத்தில் உடம்பை உள்பக்கம் சாய்த்து, வண்டியும் கூடவே சாயும் என்று நம்பித் திருப்பினேன். வண்டி சாயவில்லை. உடம்பு வெளிப்பக்கம் தள்ளியது. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. பயத்தில் இரண்டு தப்பு செய்தேன். திருப்பத்திலேயே பிரேக் பிடித்தேன், காலைத் தரையில் வைத்தேன். அக்கா கத்தினாள்: "காலைத் தூக்கி உள்ள வைலே! சக்கரம் ஏறிரும்!"

அவள் சொன்னது சரி. கால் ஊன்றினால், பின்னால் வரும் பக்கச் சக்கரம் நம் குதிகால் மேலேயே ஏறும். இரண்டு சக்கர வண்டியில் நம்மைக் காப்பாற்றிய பழக்கம் இதில் காலை உடைக்கும்.

ஏன் இப்படி?

இரண்டு சக்கர வண்டி நிற்கும்போது விழும். ஓடும்போது, நாம் ஹேண்டிலை லேசாக அசைத்து அசைத்து அதை நிமிர்த்தி வைக்கிறோம். திருப்பத்தில் உள்பக்கம் சாய்கிறோம். வெளியே தள்ளும் விசையை அந்தச் சாய்வு சமன் செய்கிறது. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் சுமார் 17 டிகிரி சாய வேண்டும். நமக்குத் தெரியாமலே சாய்ந்துவிடுகிறோம். அதே திருப்பத்தில், காய்ந்த தார் ரோட்டில் டயர் பிடி விடும் எல்லை சுமார் 30 கிலோமீட்டர். மணல் கிடந்தால் 20-க்கும் கீழே.

சைடு வீல் வண்டி இதற்கு நேர் எதிர். நிற்கும்போது விழாது. திருப்பத்தில் சாய முடியாததால் கவிழப் பார்க்கும். முன்னால் ஒரே சக்கரம் இருப்பதால், முன் சக்கரத்துக்கும் வெளிப்பக்கப் பின் சக்கரத்துக்கும் ஒரு கோடு போட்டால் அதுதான் கவிழும் விளிம்பு. பின் அகலம் 90 செ.மீ., ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் 70 செ.மீ. உயரத்தில், எடையில் 60 சதவீதம் பின்னால் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அதே 10 மீட்டர் திருப்பத்தில் 22 கிலோமீட்டர் வேகத்திலேயே உள்பக்கச் சக்கரம் எழும்பும். பிரேக் பிடித்தால் எடை முன்னால் போகும். முன்னால் அந்த முக்கோணம் ஒடுக்கமானது. அதனால் இன்னும் சீக்கிரம் கவிழும். ஆகவே திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், திருப்பத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது.

வெளிநாட்டில் சாயும் மூன்று சக்கர ஸ்கூட்டர்களே உண்டு. இத்தாலியின் பியாஜியோ 2006-ல் எம்.பி.3 என்ற வண்டியைக் கொண்டுவந்தது, யமஹா 2014-ல் ட்ரைசிட்டி. முன்னால் இரண்டு சக்கரம், திருப்பத்தில் இரண்டும் சேர்ந்து சாயும். நம் ஊர் மெக்கானிக் மாட்டித் தரும் சைடு வீல் அது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நம்ம ஊர் ரோடு என்ன சொல்லுது?

நான்கு வழிச்சாலையில் ஆடிக் காற்று அடிக்கும்போது, லாரி கடந்து போனால் இரண்டு சக்கர வண்டி ஓர் அடி தள்ளிப் போகும். இத்தனை காற்றாலைகள் இங்கே சும்மா நிற்கவில்லை. அந்த இடத்தில் சைடு வீல் வண்டி கொஞ்சம் நிதானமாக நிற்கும்.

ஆனால் கிராமத்து ஒற்றை ரோட்டில் கதை மாறுகிறது. எதிரே டிராக்டர் வந்தால் நாம் தாரை விட்டு இறங்க வேண்டும். மழை அரித்துப்போன விளிம்பில் இடது பக்கச் சக்கரம் முதலில் இறங்கும், வண்டி அந்தப் பக்கம் சரியும். அக்கா அப்போது இறங்கவே மாட்டாள். முன்கூட்டியே சமமான இடம் பார்த்து ஒதுங்கி நிறுத்திவிடுவாள்.

காட்டுப் பாதை இன்னும் மோசம். டிராக்டர் தடத்தில் இரண்டு பள்ளமும் நடுவில் ஒரு மேடும் இருக்கும். இரண்டு சக்கர வண்டி ஒரு தடத்தைப் பிடித்துப் போய்விடும். இதற்கு மூன்று தடம் வேண்டும். குழியின் மேல் பக்கச் சக்கரங்கள் இரண்டும் நின்றுகொண்டால், நடுவில் இருக்கிற பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. கோடையில் கரிசல் வெடிப்பில் சின்னச் சக்கரம் மாட்டும். மழையில் களிமண் அப்பி மூன்று சக்கரமும் இறுகிப்போகும்.

எதை எடுக்கலாம்?

உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் நிற்கும்போது விழுகிறேனா, ஓடும்போது விழுகிறேனா?

நிற்கும்போதுதான் பயம், கால் எடையைத் தாங்காது, ஆனால் கைகள் நன்றாக இருக்கின்றன, போவது தார் ரோடு என்றால் சைடு வீல் சரி. ஹேண்டிலைக் கை பலத்தால்தான் திருப்ப வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஓடும்போதுதான் தடுமாற்றம், கண் மங்கல், தலை சுற்றல் என்றால் எந்தச் சக்கரமும் உதவாது. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. இருக்கை தாழ்வான, எடை குறைந்த வண்டி. எக்ஸ்.எல். மொபெட் 90 கிலோவுக்குள்தான் வரும். கடையில் வண்டியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து ஒரே காலால் தாங்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

சைடு வீல்தான் என்று முடிவானால் நாலு விஷயம். பக்கச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் பெரும்பாலும் அதில் இருக்காது, அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பக்க டயரிலும் காற்று ஒரே அளவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். காசு கொடுப்பதற்கு முன் கோவில்பட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி மாற்றியமைத்த வண்டியை ஆர்.சி.யில் பதிய வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிக்கு லைசென்ஸிலும் தனி வகை உண்டு. பதியாமல் ஓட்டினால் விபத்து நாளில் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். கால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. தகுதி விவரத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

ஹெல்மெட் இரண்டுக்கும் வேண்டும். "மூணு சக்கரம்தானே" என்று கழற்றி வைப்பவர்களைப் பார்க்கிறேன். கவிழ்ந்தால் தலை விழும் உயரம் இரண்டிலும் ஒன்றுதான்.

நான் என்ன செய்தேன்? பழைய ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மொபெட் எடுத்தேன். வாசலில் ஒரு லோடு சரளை கொட்டி மட்டம் செய்தேன். உண்மையில் என்னைக் கீழே தள்ளியது அந்த இடம்தானே. மழை பெய்தால் காட்டுக்கு நடந்துதான் போகிறேன். மகளுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அக்கா மட்டும், "பரவால்லலே, இப்பவாச்சும் யோசிச்சு எடுத்தியே" என்றாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த யோசனை ஓடிக்கொண்டிருந்தால், வண்டி வாங்குவதற்கு முன் ஒரு காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நேராக ஓட்டினால் போதாது, திருப்பச் சொல்லுங்கள். அடுத்த பகுதியில் டயர் பற்றிப் பேசுவோம்.