முழங்கால் வலிக்கு மெஷின் வாங்கும் முன்...

வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் கம்பெனி பஸ் ஏறிப் போன மகனும் மருமகளும் ஷிப்ட் முடிந்துதான் திரும்புவார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளியில். திண்ணையில் இருப்பது தாத்தாவும் பாட்டியும்தான். நிலம் கொடுத்த பணத்தில் மீதி கொஞ்சம் வங்கியில் இருக்கலாம். முழங்கால் வலி நிச்சயம் இருக்கும். போலி மருத்துவக் கருவி விற்பவர்கள் தேடுவது இப்படிப்பட்ட வீடுகளைத்தான்.

இந்த வியாபாரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. கல்யாண மண்டபத்தில் 'இலவச முழு உடல் பரிசோதனை' என்று பேனர் கட்டுவார்கள். கையில் ஓர் உலோகக் குச்சியைப் பிடிக்கச் சொல்வார்கள். சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் தரும். கல்லீரல் பலவீனம், ரத்தக்குழாயில் அடைப்பு என்று பயமுறுத்தியபின், காந்த மெத்தையையோ சூடேற்றும் மசாஜ் கட்டிலையோ காட்டுவார்கள்.

மண்ணே எடுக்காமல் வரப்பில் நின்றபடி மண் பரிசோதனை அறிக்கை கொடுத்தால் எந்த விவசாயியாவது நம்புவாரா? குச்சியைப் பிடித்துக் கல்லீரலைக் கணிப்பதும் அதே கதைதான். தோலைக் குத்தாமல் சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

பெரியவர்கள் அறியாமையால் ஏமாறுகிறார்கள் என்பது பாதிதான் சரி. "சாப்பிட்டீங்களாம்மா?" என்று தினமும் கேட்கும் விற்பனைப் பையன், பேச ஆளில்லாத வீட்டில் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறான். படித்தவர்கள் நிறைந்த ஜப்பானிலும் இது நடந்தது. காந்தப் பொருட்களை விற்று, அவற்றை வாடகைக்கு விட்டு வருமானம் தருவதாகச் சொன்ன 'ஜப்பான் லைஃப்' நிறுவனம் 2017-ல் நொடித்தது. ஆயிரக்கணக்கான முதியவர்களின் சேமிப்பு போனது. பிரதமர் விருந்துக்கு வந்த அழைப்பிதழையே அது விளம்பரத்துக்குப் பயன்படுத்தியிருந்தது. அதன் நிறுவனர் 2020-ல் கைதானார்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து, "இனி மாத்திரை வேண்டாம்" என்ற பேச்சு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூட்டுக் கட்டில் சுட்டாலும் தெரியாது, கொப்புளம் புண்ணாகும். பேஸ்மேக்கர் வைத்தவர் சக்திவாய்ந்த காந்தத்தின் அருகே போகவே கூடாது.

பூச்சிமருந்து டப்பாவில் பார்ப்பது போலவே இங்கும் லேபிளைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. உரிம எண், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, ஜி.எஸ்.டி. பில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். உரிமம் இருந்தாலும் அது எல்லா நோயும் தீரும் என்பதற்கான சான்று ஆகாது. சர்க்கரை நோய், பக்கவாதம் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நேரடி விற்பனையாளர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது என்கின்றன 2021-ம் ஆண்டு விதிகள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா? திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தவணை கட்டுவதை மறைப்பார்கள். பில், நோட்டீஸ், பணம் அனுப்பிய விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930. முதியோர் உதவி எண் 14567. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கே வருகிறார். இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. கைத்தடி, வாக்கர், காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி ஆகியவற்றை வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது நிரம்பியவர்களுக்கு மத்திய அரசின் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டத்தில் இலவசமாகத் தருகிறார்கள். முகாம் எப்போது என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டு, ஆதார், வருமானச் சான்றுடன் பெரியவரை அழைத்துச் செல்லுங்கள்.