பழைய கேஸட்டைத் தூக்கிப் போடும் முன்...

போகிப் பண்டிகைக்கு நான்கு நாள் முன்பே நம் வீடுகளில் பரண் காலியாகத் தொடங்கிவிடும். குஷாய்குடா, ஏ.எஸ். ராவ் நகர், மௌலாலிப் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பல தனி வீட்டை விட்டு ஃபிளாட்டுக்கு மாறியும் வருகின்றன. ஃபிளாட்டில் பரணுக்கு இடமில்லை. ஆகவே கிராமபோன் தட்டு, டேப் ரிக்கார்டர், அட்டைப் பெட்டி நிறையக் கேஸட் எல்லாம் பழைய சாமான்காரரிடம் போகின்றன. "எல்லாப் பாட்டும்தான் செல்போனில் வருகிறதே" என்பது பிள்ளைகள் சொல்லும் நியாயம். அது பாதி நியாயம்தான். மீதிப் பாதியை விளக்கவே இந்தக் கட்டுரை.

நம் வீட்டுக் கேஸட்டுகள் இரண்டு ஜாதி. ஒன்று, கடையில் வாங்கியது. அதில் உள்ள பாட்டு வேறு எங்காவது நிச்சயம் இருக்கும். ஹெச்.எம்.வி.யின் இன்றைய வாரிசான சரிகம நிறுவனம், பழைய பாட்டுகளை நிரப்பி 2017-இல் 'கார்வான்' என்ற பெட்டியை விற்கத் தொடங்கியது. தமிழுக்கும் அது வந்தது. வியாபாரப் பாட்டுக்கு இப்படிக் காவலாளி உண்டு. இரண்டாவது ஜாதி, நாமே பதிவு செய்தது: பாட்டியின் தாலாட்டு, கல்யாணத்தில் வாசித்த நாயனம், துபாய்க்குப் போன தம்பி பேசி அனுப்பிய கேஸட் கடிதம். இதற்கு உலகத்திலேயே ஒரே பிரதிதான். அது போனால் போனதுதான்.

தட்டு வந்த கதை

நம் நாட்டில் வியாபார ரீதியான ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற பதிவாளர் அந்த நவம்பரில் கௌஹர் ஜான் என்ற பாடகியைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் அந்த அம்மையார் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்வதை அத்தட்டுகளில் கேட்கலாம். மூலப் பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவருக்குப் போய்த் தட்டாக அச்சாக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு எது யார் பாடியது என்று தெரிய அது ஓர் அடையாளம். 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடத் தொடங்கினார்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய அந்தப் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கிடைக்கும். கச்சேரியில் அரை மணி விஸ்தாரம் செய்யும் வித்வான்கள் கீர்த்தனையை மூன்று நிமிடத்தில் அடக்கிப் பாடக் கற்றுக் கொண்டார்கள். பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ். சுப்புலட்சுமி முதல் தட்டுக் கொடுத்தது 1926-இல். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன் சென்னையில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' மூலம் ஓடியன் தட்டுகள் விற்றவர்.

அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? கல்பொடியோடு அரக்குச் சேர்த்தது. சார்மினார் பக்கத்து லாட் பஜாரில் நம் வீட்டுப் பெண்கள் வாங்கும் அரக்கு வளையலுக்கும் கிராமபோன் தட்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே, மரத்தில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். அதனால்தான் 78 தட்டு கீழே விழுந்தால் வளையல் மாதிரியே உடைகிறது.

1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் எல்.பி. தட்டைக் கொண்டு வந்தது. வினைல் பிளாஸ்டிக்கில், மெல்லிய பள்ளங்களோடு, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. 1963-இல் எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம் வெளிவந்தது எல்.பி. தட்டில்தான். மூன்று நிமிடத் துண்டுகளாக இருந்திருந்தால் விடியற்காலையில் எழுந்து எழுந்து தட்டு மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் இவை எல்லாம் கேட்க மட்டுமே. வீட்டில் பதிவு செய்ய முடியாது.

கேஸட் செய்த புரட்சி

காந்தத்தில் ஒலியைப் பதிக்கலாம் என்று டென்மார்க்கைச் சேர்ந்த பௌல்சன் 1898-இலேயே இரும்புக் கம்பியில் செய்து காட்டினார். 1935-இல் பெர்லினில் பிளாஸ்டிக் நாடாவில் ஓடும் 'மாக்னெட்டோஃபோன்' வந்தது. ஆனால் பெரிய சக்கரங்களும் பெரிய விலையுமாக அது வானொலி நிலையத்துக்குத்தான் ஏற்றது. பிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஓட்டன்ஸ், சட்டைப் பையில் அடங்கும் மரக்கட்டை ஒன்றைச் செய்து வைத்துக் கொண்டு, "இந்த அளவுக்குள் கருவி அடங்க வேண்டும்" என்று தம் குழுவினருக்கு இலக்கு வைத்தாராம். 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காம்பாக்ட் கேஸட் வெளிவந்தது. பிலிப்ஸ் அதன் உரிமத்தை மற்றக் கம்பெனிகளுக்கும் இலவசமாகக் கொடுத்தது. அதனால்தான் ஜப்பான் டேப் ரிக்கார்டரில் உல்லாஸ்நகர்க் கேஸட்டும் ஓடியது.

இதன் பலன் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கே அதிகம். ஊரில் நடந்த சீமந்தத்தைச் செகந்திராபாதில் உட்கார்ந்து கேட்டோம். எழுதத் தெரியாத அத்தைகள்கூடக் கேஸட்டில் கடிதம் 'எழுதினார்கள்'.

எங்கள் வீட்டில் ஒரு கேஸட் உண்டு. மேலே சினிமாப் படத்தின் பெயர்தான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் பாட்டு முடிந்த பிறகு மிச்சமிருந்த நாடாவில், 1983-இல் என் தாயார் ஊஞ்சல் பாட்டுப் பாடுகிறார். நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. "ரேழியில யாரோ வந்திருக்கா, பாரு" என்கிறார். பிறகு, "போதும்டா, நிறுத்து". அவ்வளவுதான், நாலு நிமிடம். என் பேத்தி பள்ளியில் தெலுங்கும் ஹிந்தியும் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதைக் கேட்டுவிட்டு, "ரேழின்னா என்ன தாத்தா?" என்றாள். தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டின் அமைப்பையே காகிதத்தில் வரைந்து காட்ட வேண்டியதாயிற்று. புத்தகம் வாசிக்க முடியாத பிள்ளைக்கும் காது இருக்கிறது. அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ், அவரவர் ஜில்லாவின் ராகத்தோடு, இந்த நாடாக்களில்தான் இருக்கிறது.

நாடா எப்படிக் கெடுகிறது?

கேஸட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். பாலியெஸ்டர் படலத்தின் மேல் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். அது வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் 'ஹெட்'டை உரசிக் கொண்டு ஓடுகிறது. அறுபது நிமிடக் கேஸட்டில் சுமார் 86 மீட்டரும், தொண்ணூறு நிமிடக் கேஸட்டில் சுமார் 129 மீட்டரும் நாடா இருக்கும். அதே கூட்டுக்குள் அதிக நீளம் அடங்க வேண்டுமானால் நாடாவை மெல்லியதாக்க வேண்டும். சி-60 நாடாவின் கனம் சுமார் 18 மைக்ரான், சி-90-இல் சுமார் 12 மைக்ரான். சி-90 அடிக்கடி சிக்கிக் கொள்வதன் காரணம் இதுவே.

கெடும் வழிகள் நான்கு. முதலாவது, பசை. அது ஈரத்தை உறிஞ்சினால் பிசுபிசுக்கும், தூள் உதிரும். இரண்டாவது, பூஞ்சணம். மழைக்காலத்தில் மூடிக் கிடந்த பெட்டியில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்மையாகப் படியும். மூன்றாவது, ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் மங்கலாகப் படிவது. பாட்டுத் தொடங்கும் முன்பே அதே பாட்டு எங்கோ தூரத்தில் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்காவது, கூட்டின் உள்ளே ஹெட்டுக்கு எதிரில் இருக்கும் சிறிய கம்பளித் துண்டு. ஒட்டிய கோந்து காய்ந்து அது விழுந்துவிட்டால் ஒலி மங்கிவிடும். பலர் "கேஸட் போய்விட்டது" என்று எறிவது இந்தக் கடைசிக் குறைக்காகத்தான். நாடா நன்றாகவே இருக்கும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, ஓட்டும் கருவி இல்லாமல் போவது. சோனி நிறுவனம் ஜப்பானில் கேஸட் வாக்மேன் தயாரிப்பை 2010-இல் நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: 2025-க்குள் மாற்றப்படாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் இழந்தவையே என்று. நாடா சிதைவது மட்டுமல்ல, கருவியும் உதிரிப் பாகமும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அருகி வருவதே காரணம். அவர்கள் சொன்ன கெடு வந்தே விட்டது. ரயிலில் இன்ஜின் நன்றாக இருந்து பாதை இல்லாவிட்டால் என்ன பயன்? அதே கதைதான்.

என்ன செய்யலாம்?

முதலில், மேலே ஒட்டிய லேபிளை நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் கடைசி வரை ஓட்டிக் கேளுங்கள். கேட்கும் முன் கேஸட்டின் முதுகில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்து விடுங்கள். கை தவறி ரிக்கார்டுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். அது ஹெட்டில் ஒட்டி மற்றக் கேஸட்டுகளுக்கும் பரவும். அதைத் தனியே வைத்து, அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

டேப் ரிக்கார்டரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் வேகம் குறைந்து சுருதி இறங்கிவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கடைக் கேஸட்டை ஓட்டி, அதே பாட்டைச் செல்போனிலும் வைத்துச் சுருதி ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் முதலிய உதிரிகளுக்குக் கோட்டி குஜராத்தி கல்லியில் விசாரிக்கலாம். கம்பளித் துண்டு விழுந்த கேஸட்டானால், ஐந்து திருகாணி போட்ட வேறொரு கேஸட்டைத் திறந்து, நாடாச் சுருள் இரண்டையும் அந்தக் கூட்டுக்கு மாற்றிவிடலாம். பொறுமை இருந்தால் பத்து நிமிட வேலை.

பிரதி எடுக்கும் முன் ஒரு தரம் கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். இறுகிய நாடா இளகும். ஒலி மந்தமாக இருந்தால் ஹெட்டின் ஓரத்தில் உள்ள சிறு திருகாணியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஜால்ராச் சத்தமும் பேச்சில் வரும் 'ச' ஒலியும் எங்கே மிகத் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஒலி வெளிவரும் துளையிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பதியலாம்.

சி.டி. தரத்தில், அதாவது வினாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட் என்ற கணக்கில், ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவுக்குச் சுமார் 635 எம்.பி. இடம் பிடிக்கும். அழுத்திச் சுருக்காத 'வேவ்' கோப்பாகவே மூலத்தை வையுங்கள். பேரன் பேத்திக்கு அனுப்ப எம்.பி.3 தனியாகச் செய்து கொள்ளலாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கை வைக்காதீர்கள். பின்னால் கேட்கும் குக்கர் விசிலும் அந்த வீட்டின் குரல்தான்.

மூன்று பிரதி வேண்டும். இரண்டு வெவ்வேறு சாதனங்களிலும், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும் இருக்கட்டும். இருபது வருஷத்துக்கு முன் சி.டி.யில் ஏற்றி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒரு தரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் எழுதிய சி.டி.யின் சாயப் பூச்சும் கெடக்கூடியதே.

யார் குரல், எந்த ஊர், எந்த வருஷம், என்ன விசேஷம் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். நமக்குத் தெரிந்த குரல் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒரு அம்மாள்.

தட்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. 78 தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசியை அதில் வைக்காதீர்கள். அரக்குத் தட்டை ஆல்கஹாலால் துடைக்கவே கூடாது, கரைந்துவிடும். இரண்டு வகையையும் செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாமல் வையுங்கள்.

இந்தப் போகிக்குப் பெட்டியை இறக்கும்போது கடைக் கேஸட்டையும் வீட்டுக் கேஸட்டையும் பிரித்து இரண்டு குவியலாக வையுங்கள். முதல் குவியலை உங்கள் விருப்பம் போல் செய்யலாம். இரண்டாவதை, ஓடும் நிலையில் டேப் ரிக்கார்டர் வைத்திருக்கும் நம் சங்க அன்பர்கள் யாரிடமாவது கொண்டு போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். அறுபது நிமிடக் கேஸட்டைப் பிரதி எடுக்க அறுபது நிமிடம் ஆகும். அதைக் குறைக்க வழியில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள்.