தாயின் உடல் பருமன்: ஒற்றைக் குழந்தைக்கும் இரட்டைக் குழந்தைக்கும் என்ன ஆபத்து?

"வயிற்றில் பிள்ளை இருக்கு, இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வதுண்டு. இரட்டை என்று தெரிந்துவிட்டால் கவனிப்பு இன்னும் கூடிவிடும். ஆனால் இன்றைய நிலைமை வேறு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9 சதவீதம்.

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அது 30-ஐத் தாண்டினால் உடல் பருமன். 150 செ.மீ. உயரமுள்ள பெண் 68 கிலோ இருந்தாலே இந்த அளவு வந்துவிடும். இந்தியர்களுக்கு 25-லேயே எச்சரிக்கை தேவை என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஒரு குழந்தை என்றால்

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. பருமனான உடலில் இந்தத் தடை முன்பே இருப்பதால் கர்ப்பகாலச் சர்க்கரை எளிதில் வருகிறது. குழந்தை அளவுக்கு மீறி வளர்ந்து, பிரசவத்தில் தோள் சிக்கலாம். சிசேரியனுக்கான வாய்ப்பு கூடும். தையல் புண் ஆறவும் தாமதமாகும்.

இரட்டை என்றால்

இங்கே பெரிய குழந்தை என்ற பிரச்சினை குறைவு. இரத்த அழுத்தமும் குறைமாதப் பிரசவமும்தான் கவலை. பருமன் இல்லாத தாய்க்கே இரட்டைக் கர்ப்பத்தில் இரத்த அழுத்த ஆபத்து அதிகம். பருமன் அதை இன்னும் கூட்டுகிறது. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள்.

நீலகிரியில் கூடுதல் கவனம்

கூடலூரிலிருந்து ஊட்டி மலைப்பாதையில் சுமார் 50 கி.மீ. மழையும் மூடுபனியும் இருந்தால் பயணம் நீளும். எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் முதலில் மெயின் ரோட்டுக்கே வந்தாக வேண்டும். எனவே இரட்டையோடு பருமனும் உள்ளவர்கள், எங்கே பிரசவம் என்பதை மருத்துவரிடம் பேசி முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது.

செய்ய வேண்டியவை

- கர்ப்பம் தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை பாருங்கள். சர்க்கரைப் பரிசோதனையை மீண்டும் செய்யச் சொன்னால் தவிர்க்காதீர்கள்.
- பி.எம்.ஐ. 30-க்கு மேல் உள்ளவர்களுக்கு, ஒரு குழந்தை என்றால் மொத்தம் 5 முதல் 9 கிலோ, இரட்டை என்றால் 11 முதல் 19 கிலோ எடை கூடினால் போதும் என்பது 2009-ல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டுதல்.
- கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து எடை குறைக்கக் கூடாது. சர்க்கரை போட்ட டீ, வர்க்கி, பேக்கரிப் பண்டங்களைக் குறைத்து, முட்டை, பயறு, கீரையைக் கூட்டுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும்.
- கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முக வீக்கம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

எடையைச் சொல்லி ஒரு கர்ப்பிணியைக் கேலி செய்யும் வீட்டில், அவள் உடல் உபாதைகளையும் சொல்லத் தயங்குவாள். கணவரும் மாமியாரும் பரிசோதனைக்குக் கூடவே போவது பேருதவி.