வானொலியில் வயலின் இசையும் மெய்ப்பாடும்

உள்ளத்து நிகழும் உணர்ச்சி உடம்பின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு. கண்ணாலும் செவியாலும் அதனைத் திட்பமாக உணரவல்லார்க்கன்றிப் பிறர்க்கு அதன் நயம் அறிதல் அரிது என்னும் கருத்துடன் மெய்ப்பாட்டியலை முடிக்கின்றார் தொல்காப்பியர். வானொலியோ கண்ணுக்குரியதனை முற்றும் மறைத்துவிடுகின்றது. அதில் ஒலிக்கும் வயலின் தனியிசை, செவிக்குரியவற்றுள் சொல்லையும் நீக்கிவிடுகின்றது. முகமும் இல்லை, மொழியும் இல்லை. ஆயினும் கேட்போர் நெஞ்சு நெகிழ்கின்றனர். இந்நெகிழ்ச்சி எதனைப் பற்றிப் பிறக்கின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

வயலின் மேலைநாட்டினின்று வந்த கருவி. முத்துசாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் அதனை நம் இசைக்கு இயைவித்தோருள் தலையாயவர். நம் கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் தலையை வலக்காலின்மேல் ஊன்றி வாசிப்பர். கருவியைத் தாங்கும் பொறை இடக்கைக்கு இல்லாமையால் விரல்கள் நரம்பின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்லும். மெட்டுக்கட்டைகளும் அதன்கண் இல்லை. ஆதலின் ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்குச் செல்லும் வழி முழுதும் ஒலியாகின்றது. அசைவும் குழைவும் ஆகிய கமகம் அவ்வழியிலேதான் உள்ளது. நிலைத்த சுரங்களையுடைய ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கியதும், பல்லாண்டுகள் கழித்தே அத்தடை தளர்ந்ததும் இங்கு நினைக்கத்தக்கன. அத்தடை மிகையென்று கொள்வாரும் உளர். எனினும் கமகத்தை நம் செவி எத்துணை விழைகின்றது என்பதற்கு அது சான்று.

சென்னை நிலையம் 1938 சூன் 16-இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16-இலும் தொடங்கின. அரங்கில் வாய்ப்பாட்டுக்குப் பக்கத்துணையாகவே வயலினைக் கண்டு பழகியவர்க்கு வானொலி வேறொரு நிலையை அளித்தது. அரங்கில் நம் கண் பாடுவோரிடமே தங்கும். பாடியதை ஏற்று வயலின் மறுமொழி தரும்போதும் பாடுவோர் முகத்தையே நோக்குவோம். வானொலியிலோ இரண்டும் ஒருநிகரான இரு குரல்களாகின்றன. துவாரம் வேங்கடசாமி நாயுடு போன்றோர் தனிக்கச்சேரிகளால் வளர்த்த சுவைக்கு இது பெருந்துணையாயிற்று எனல் தகும்.

மத்திய அலை ஒலிபரப்பில் மிகுந்த அதிர்வெண்ணுடைய மேற்சுரங்கள் பெரிதும் இழக்கப்படும். வில்லின் கூர்மை மழுங்கும். அடிச்சுரமும் அதனையடுத்த சிலவுமே எஞ்சும். இது குறையே. ஆயினும் அவ்வாறு எஞ்சிய ஒலி மாந்தர் மிடற்றொலியை நெருங்குதலின், கேட்போர் அதனை ஒருவர் தம்மொடு பேசுவதாகவே கொள்கின்றனர் என்பது எம் கருத்து.

இனிச் சொல்லின் நிலை யாது? கீர்த்தனையை முன்னரே அறிந்தவர், வில் செல்லுந்தோறும் அதன் சொற்களைத் தம்முள் தாமே பாடிக்கொள்வர். ஆதலின் சொல் அங்கு ஒலியாது நிற்கின்றதேயன்றி இல்லாமற் போகவில்லை. அறியாதவர்க்கு அத்துணையும் இன்று. அவர்தம் உவகையே நம் வினாவுக்கு உண்மையான களம். இராகமே உணர்ச்சியைத் தருகின்றது, முகாரி அழுகைக்குரியது என்று எளிதில் விடை கூறுவர். அஃது அமையாது. சபரியின் பேற்றை வியந்து போற்றும் தியாகராசரின் 'எந்தநினே' முகாரியில் அமைந்ததே. எனவே, இராகம் உணர்ச்சிக்கு இடந்தருமேயன்றி இன்னதென்று வரையறுப்பதில்லை. எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றன் பெயரை அதற்கு இடுதல் பொருந்தாது.

சிலப்பதிகாரக் கானல்வரி இதற்கு ஒளிதரும். பாட்டுத் தொடங்குமுன் யாழ்நரம்பில் நிகழும் எண்வகைக் கலைத்தொழிலை இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகின்றார். அதுவரை கோவலனும் மாதவியும் ஒருமனப்பட்டே உள்ளனர். பின்னர்ப் பாட்டின் பொருள் ஐயத்தை விளைக்கின்றது, பிரிவு நிகழ்கின்றது. யாழிசையை ஏதுவாக்கி ஊழ் வந்தது என அடிகள் கூறினும், ஊடலுக்கு வித்தாயவை சொற்களே. சொல் உணர்ச்சியை ஒருவர்மேல் ஏற்றுகின்றது. யார் யாரைக் கருதினர் என்னும் வினாவை எழுப்புகின்றது. நரம்பிசை அதனைச் செய்வதில்லை. கேட்பவர் தம் துயரையோ உவகையையோ அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். வானொலியின்முன் தனித்திருப்பவர்க்கு அவ்வுரிமை இன்னும் மிகுதி. அங்கு மெய்ப்பாடு வாசிப்பவர் மெய்யில் காணப்படுவதன்று. கேட்பவர் மெய்யிலேயே நிகழ்வது, அதனைக் காண்பாரும் அங்கு இலர்.