ரக்பி லீக் ஆட்டக்காரரின் ஓய்வும் கழகத்தின் பிரியாவிடையும்

ரக்பி லீக் என்பது அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும், உடலோடு உடல் மோதும் பந்து விளையாட்டு. இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்களில் தோன்றி, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் பெரும் செல்வாக்குப் பெற்றது. இவ்விளையாட்டில் பெரும்பாலோர் முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே ஓய்வு பெறுகின்றனர். அரசு ஊழியருக்கு இருப்பது போல ஓய்வு வயது என்று ஒன்று இங்கே இல்லை. முழங்காலோ தோள்பட்டையோ தலையோதான் பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது.

கடைசி ஆட்டத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வரும் வீரரைத்தான் பார்வையாளர்கள் பார்க்கிறார்கள். அதே வாரத்தில் கழக அலுவலகத்தில் வேறொரு பேச்சு நடந்திருக்கும். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மீதம், காயத்துக்கு யார் பொறுப்பு, மீதிச் சம்பளம் யார் கணக்கில் போகும் என்பவை அங்கே பேசப்படும். ஓய்வு பெறுபவருக்குக் கழகம் எதைக் கடமையாகத் தர வேண்டும், எதை அன்பளிப்பாகத் தரலாம் என்பது இந்த விளையாட்டு பிறந்த நாள் முதல் தீராத கேள்வி.

ஆறு ஷில்லிங்கில் தொடங்கிய கணக்கு

1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள், ரக்பி ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பைத் தொடங்கின. காரணம் கூலி. சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் அன்றைய கூலியை இழந்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை தரலாம் என்று புதிய அமைப்பு அனுமதித்தது. 1898இல் வெளிப்படையாகவே ஊதியம் தர வழி பிறந்தது. ஆனால் ஆட்டக்காரர் வேறொரு முறையான வேலையில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

இதன் விளைவு நெடுங்காலம் நீடித்தது. ஆட்டம் என்பது வேலைக்கு மேல் கிடைக்கும் வருமானம். வாழ்வுக்கு ஆதாரம் சுரங்கமோ ஆலையோதான். ஆட முடியாமல் போனவர் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார் என்று கழகங்கள் எண்ணின. எனவே ஓய்வூதியம், பணிக்கொடை போன்ற பேச்சுகளுக்கே இடம் இருக்கவில்லை. மண்ணடியில் வேலை செய்தவருக்கு முழங்கால் போனால் சுரங்க வேலையும் சேர்ந்தே போய்விடும் என்பதை அந்த எண்ணம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெயரைப் பிடித்து வைக்கும் வழக்கம்

ஓய்வைப் பற்றிப் பேசும் முன், ஒரு வீரர் கழகத்தை விட்டு வெளியேற முடியுமா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பழைய முறையில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கழகம் வீரரின் பெயரைத் தன் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு ஊதியம் தராமலேயே அப்படி வைத்திருக்கவும் முடியும். வேறு கழகத்துக்குப் போக வேண்டுமானால் பழைய கழகம் கேட்கும் மாற்றுத்தொகையைப் புதிய கழகம் கட்ட வேண்டும். இல்லையேல் அந்த லீக்கில் அவருக்கு எஞ்சிய ஒரே உரிமை, ஆடாமல் இருக்கும் உரிமை.

சிட்னியின் பால்மெய்ன் கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் டட்டி இதை எதிர்த்தார். விடுவிக்கக் கேட்டும் கழகம் மறுக்கவே, 1969ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஆடாமல் இருந்தார். அந்த ஆண்டுதான் பால்மெய்ன் அணி இறுதி ஆட்டத்தில் சவுத் சிட்னியை 11-2 என்று வென்றது. டட்டி அதில் இல்லை. வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை சென்றது. பெயரைப் பிடித்து வைக்கும் விதிகள் ஒருவரின் தொழிலை நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துகின்றன என்று 1971இல் தீர்ப்பு வந்தது. இன்று வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய கழகத்துக்குச் செல்கிறார்கள் என்றால் அதில் டட்டி இழந்த ஓர் ஆண்டுக்கும் பங்கு உண்டு.

டெஸ்டிமோனியல் எனும் பாராட்டு நிதி

இங்கிலாந்தில் கழகமும் வீரரும் பிரிவதற்கு நெடுங்கால அடையாளமாக விளங்குவது டெஸ்டிமோனியல். ஒரே கழகத்தில் ஏறத்தாழப் பத்தாண்டு ஆடியவருக்கு ஓர் ஆண்டு முழுவதும் நிதி திரட்ட அனுமதி கிடைக்கும். நண்பர்களும் ஆதரவாளர்களும் ஒரு குழு அமைப்பார்கள். விருந்து, கோல்ஃப் போட்டி, குலுக்கல் சீட்டு, மலர் வெளியீடு, ஒரு காட்சி ஆட்டம் எனப் பணம் சேரும். ஆண்டின் முடிவில் அத்தொகை வீரருக்குச் செல்லும்.

இதில் கவனிக்க வேண்டியது, பணம் தருபவர் யார் என்பது. கழகம் தன் மைதானத்தையும் பெயரையும் தருகிறது. பணத்தைப் பெரும்பாலும் தருபவர்கள் வாயிலில் சீட்டு வாங்கும் மக்கள். பத்தாண்டு உழைப்புக்கான கடனை, அந்த உழைப்பைப் பார்த்து மகிழ்ந்தவர்களே அடைக்கிறார்கள்.

இது ஏன் சம்பளத்தின் பகுதியாக மாறவில்லை என்பதற்கு வரிச் சட்டம் ஒரு காரணம். அது கிரிக்கெட்டிலிருந்து வந்த கதை. கென்ட் அணியின் ஜேம்ஸ் சீமோருக்கு 1920இல் நடத்தப்பட்ட உதவி ஆட்டத்தின் வசூலுக்கு வரி கேட்கப்பட்டது. அது மக்கள் அன்பால் தந்த கொடை, வேலைக்கான ஊதியம் அன்று என்று 1927இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அதற்கு மாறாக, லங்காஷயர் லீக்கில் ஆடிய ஆஸ்திரேலியர் புரூஸ் டூலண்டின் ஒப்பந்தத்தில், நன்றாக ஆடினால் பார்வையாளரிடம் அவருக்காக வசூல் நடத்தப்படும் என்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் பணத்துக்கு வரி உண்டு என்று 1955இல் முடிவானது.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். பணம் ஒப்பந்தப்படி வந்தால் வரி. அன்பாக வந்தால் வரி இல்லை. எனவே டெஸ்டிமோனியலை ஒப்பந்தத்தில் எழுதாமல் இருப்பதே வீரருக்கு இலாபம். எழுதாததால் அதை உரிமையாகக் கேட்கவும் அவரால் முடியாது. பத்தாம் ஆண்டை நெருங்கும் வீரர் நிர்வாகத்துடன் முரண்படத் தயங்குவார். வேறு கழகம் கூடுதலாகத் தந்தாலும் போக யோசிப்பார். வரிச்சலுகை என்ற பெயரில் சட்டமே கழகத்தின் கையில் ஒரு கடிவாளத்தைக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த நிலை 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 6 முதல் மாறியது. தனிக் குழு திரட்டும் நிதிக்கும் வருமான வரி உண்டு, ஆனால் முதல் 1,00,000 பவுண்டுக்கு விலக்கு என்பது புதிய விதி. இவ்விலக்கு ஒருவருக்கு ஒரு முறைதான். ரக்பி லீக் வீரர் பலருக்கு அந்த வரம்பே போதுமானது. கால்பந்து நட்சத்திரங்களைப் போல அவர்கள் பெருந்தொகை திரட்டுவதில்லை.

இந்த ஏற்பாட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ட்ரை அடித்துப் பெயர் பெற்ற விங் ஆட்டக்காரருக்குக் கூட்டம் சேரும். நடுவில் நின்று மோதி மோதித் தேய்ந்த முன்வரிசை ஆட்டக்காரருக்கு, அதுவும் சிறு நகரக் கழகத்தில், அவ்வளவு சேராது. ஆறு ஆண்டில் காயத்தால் விலகியவருக்கு வழக்கமான ஆண்டுக் கணக்கே நிறைவதில்லை.

விடைபெறும் வகைகள்

தாமே நாள் குறித்து விடைபெறுவது சிலருக்கே வாய்க்கிறது. செயின்ட் ஹெலன்ஸ் கழகத்தின் ஜேம்ஸ் ரோபி 2022ஆம் ஆண்டே கடைசி என்று எண்ணியிருந்தார். பிறகு மேலும் ஓர் ஆண்டு ஆடினார். அந்த ஆண்டில் கெல் காஸ்லெட்டின் 531 ஆட்டங்கள் என்ற கழகச் சாதனையைக் கடந்தார். இருந்தும் அவருடைய கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில் அமையவில்லை. 2023 அக்டோபரில் பிரான்சின் பெர்ப்பினியன் நகரில், அரையிறுதித் தோல்வியில் முடிந்தது.

மெல்பர்ன் ஸ்டார்ம் கழகத்தின் கேமரன் ஸ்மித் வேறு வகை. 430 ஆட்டங்கள் ஆடிய அவர், 2020 அக்டோபரில் கோப்பையை வென்ற பிறகும் ஓய்வா இல்லையா என்று சொல்லவில்லை. கோடை முழுவதும் யூகங்கள் ஓடின. 2021 மார்ச்சில், புதிய பருவம் தொடங்கும் தறுவாயில், மைதானத்துக்கு வெளியே தம் சிலை திறக்கப்பட்டபோதுதான் ஓய்வை அறிவித்தார். பெரிய வீரருக்கு அந்தப் பொறுமையைக் கழகம் காட்டியது. சராசரி வீரருக்கு இந்தக் காத்திருப்பு தலைகீழாக இருக்கும்: அவர்தான் கழகத்தின் தொலைபேசிக்காகக் காத்திருப்பார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றால், வேறு கழகமும் அழைக்கவில்லை என்றால், அதற்குப் பெயர் ஓய்வு.

ஒரே நாளில் இரு வகைப் பிரிவும் நிகழ்வதுண்டு. 2017 அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டில் காசில்ஃபோர்டை 24-6 என்று வென்ற லீட்ஸ் ரைனோஸ் அணியில் ராப் பரோ, டேனி மெக்வயர் இருவருக்கும் அதுவே கழகத்துக்கான கடைசி ஆட்டம். பரோ ஓய்வு பெற்றார். மெக்வயர் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் கழகத்தில் மேலும் ஆடினார். ஓய்வை அறிவித்தவர் திரும்பி வருவதும் புதிதன்று. லீட்ஸ் அணியின் ஜேமி பீக்காக் 2015இல் மூன்று கோப்பைகளோடு விலகி, ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸில் நிர்வாகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே அங்கு ஆள் குறைந்தபோது மறுபடி சீருடை அணிந்தார்.

காயம், சம்பள வரம்பு, ஒரு சொல்

ஒரு கழகம் ஆண்டுக்கு வீரர்களுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற சம்பள உச்சவரம்பு இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. இதனால் ஓய்வு என்ற சொல்லுக்குப் பண மதிப்பு வந்துவிட்டது. ஒப்பந்தம் மீதமிருக்கும்போது வீரர் தாமாக விலகினால், மீதிச் சம்பளத்தை அவர் இழக்கிறார். வரம்பில் கழகத்துக்கு இடம் கிடைக்கிறது. காயத்தால் இனி ஆடவே முடியாது என்று உறுதியானால் நிலைமை வேறு. வீரருக்கு மீதித்தொகையைக் கேட்க வலுவான காரணம் உண்டு. அத்தொகையை வரம்புக் கணக்கிலிருந்து நீக்கும்படி கழகம் லீக் நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கலாம். இதில் கழக மருத்துவரின் சொல் மட்டும் போதாது. சார்பற்ற மருத்துவக் கருத்தும் கேட்கப்படும். இல்லையென்றால் ஆட்டத்திறன் குறைந்த ஒவ்வொருவரையும் காயம்பட்டவர் என்று எழுதிவிடத் தோன்றும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களே அதிகம். தோள்பட்டை வலிக்கிறது, ஆனால் ஊசி போட்டுக்கொண்டு ஆடலாம் என்ற நிலை. இங்குதான் முகவரும் நிர்வாகியும் பேரம் பேசுகிறார்கள்: மீதியில் ஒரு பங்கு, கழகத்தில் ஒரு பதவி, மரியாதையான ஓர் அறிவிப்பு.

சிட்னி ரூஸ்டர்ஸ் கழகம் 2021ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் மூன்று மூத்த வீரர்களை இழந்தது. ஜேக் ஃபிரெண்டும் அணித்தலைவர் பாய்ட் கார்ட்னரும் தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் விலகினார்கள். பிரெட் மோரிஸ் முழங்கால் காயத்தால் விலகினார். கார்ட்னருக்கு அப்போது வயது 29. முழங்கால் காயத்தை எல்லாரும் காணலாம். தலைக்காயம் அப்படியன்று, நன்றாக நடப்பவரை, நன்றாகப் பேசுபவரை, இனி ஆட வேண்டாம் என்று நிறுத்துவதற்கு மருத்துவருக்கும் கழகத்துக்கும் துணிவு வேண்டும். முந்தைய தலைமுறையில் அந்தத் துணிவு போதவில்லை என்பதே இன்று இங்கிலாந்தின் முன்னாள் வீரர்கள் பலர் ரக்பி லீக் நிர்வாகத்தின் மீது தொடுத்துள்ள வழக்கின் சாரம். பல ஆண்டுகளுக்கு முன் கைகுலுக்கிப் பிரிந்தவர்கள், மறதியும் மூளைத் தேய்வும் வந்த பிறகு அந்தப் பிரிவின் கணக்கை மறுபடி திறக்கிறார்கள்.

பிரிந்த பிறகு

முன்னாளில் ஓய்வு பெற்றவர்களுக்கு மதுக்கடை ஒரு வழக்கமான புகலிடம். விகன் கழகத்துக்கு 478 ட்ரைகள் அடித்த பில்லி பாஸ்டன், பழைய சென்ட்ரல் பார்க் மைதானத்தின் அருகே கிரிஃபின் என்ற விடுதியை நடத்தினார். 2025இல் சர் பட்டம் பெற்றார். ரக்பி லீக்குக்காக அப்பட்டம் பெற்ற முதல் வீரர் அவரே. பயிற்சியாளராவது மற்றொரு வழி. இடுப்புக் காயத்தால் 2015இல் ஓய்வு பெற்ற பால் வெலன்ஸ், 2023இல் அதே செயின்ட் ஹெலன்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். ஆனால் ஒரு கழகத்தில் இருபது பேர் ஓய்வு பெற்றால் பயிற்சியாளர் நாற்காலி ஒன்றுதான். மற்றவர்களின் படிப்புக்கும் தொழில் மாற்றத்துக்கும் ரக்பி லீக் கேர்ஸ் என்ற அறக்கட்டளை இங்கிலாந்தில் உதவி வருகிறது. ஆஸ்திரேலியாவில் வீரர் சங்கம் லீக்குடன் கூட்டு ஒப்பந்தம் பேசி இத்தகைய உதவிகளைப் பெறுகிறது.

ராப் பரோவின் கதை எந்த விதியிலும் அடங்காதது. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகளில், 2019 டிசம்பரில், அவருக்கு இயக்க நரம்பணு நோய் இருப்பது தெரியவந்தது. ஒப்பந்தப்படி லீட்ஸ் கழகம் அவருக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை. 2020 ஜனவரியில் ஜேமி ஜோன்ஸ்-பியூக்கானனின் டெஸ்டிமோனியலாகக் குறிக்கப்பட்டிருந்த ஹெடிங்லி ஆட்டம் பரோவுக்கும் நிதி திரட்டும் ஆட்டமாக மாறியது. இறுதி நிமிடங்களில் பரோ களம் இறங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய பழைய அணித்தலைவர் கெவின் சின்ஃபீல்டு ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடி இருபது இலட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார். பரோ 2024 ஜூன் 2ஆம் நாள் காலமானார். அவர் பெயரிலான லீட்ஸ் நோயாளர் மையத்துக்கு மறுநாள் கட்டுமானப் பணி தொடங்கியது.