தானே முனையும் பிள்ளை

மாவட்டத் தலைநகர் எதிலும் விடியற்காலையில் விளையாட்டு மைதானத்தின் பக்கம் சென்று பார்த்தால், ஓடுபாதையில் சுற்றிவரும் சிறுவர் சிறுமியரைக் காட்டிலும், படிக்கட்டில் அமர்ந்து கைப்பேசியில் வினாடிகளைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரே அதிக ஆவேசத்துடன் காணப்படுவார்கள். தூக்கத்தைத் துறந்து, செலவைப் பொருட்படுத்தாமல், பிள்ளையின் அபிவிருத்தி ஒன்றையே கருதி வந்திருக்கும் அவர்களுடைய அன்பில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், அவர்கள் ஒரு வாரம் வெளியூர் சென்றுவிட்டால் அந்தப் பிள்ளை தானாக எழுந்து மைதானத்துக்கு வருமா என்று கேட்டால், நிச்சயமாக வரும் என்று சொல்லக்கூடியவர்கள் சிலராகவே இருப்பார்கள். பத்து வயதில் தொடங்கிய விளையாட்டு இருபது வயதிலும் நீடிப்பது பெரும்பாலும் அந்த விடையைப் பொறுத்ததே.

ஆசை காட்டியோ அச்சம் காட்டியோ உற்சாகத்தை வெளியிலிருந்து ஊட்டிவிடலாம் என்ற நம்பிக்கை நம்மிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. மார்க் லெப்பர் என்ற அமெரிக்க உளநூலறிஞரும் அவருடைய சகாக்கள் இருவரும், ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் மழலையர் பள்ளியில் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை, இந்த நம்பிக்கையைச் சற்று அசைத்துப் பார்த்தது. வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே பிரியம் கொண்டிருந்த குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் நற்சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே வாக்களித்து, அவ்வாறே தந்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு முன்னறிவிப்பின்றி அதே சான்றிதழைத் தந்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் தரவில்லை. சில நாட்கள் கழித்து, எவருடைய ஏவலுமின்றி அக்குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடும் வேளையில் மறைவாகக் கவனித்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுடைய பிரியமோ சிறிதும் குறையவில்லை. ஆகவே தோஷம் பரிசில் இல்லை. பரிசுக்காகவே செய்கிறோம் என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் புகுந்துவிடுவதில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் விளையாட்டுச் சான்றிதழுக்கு மற்றொரு மதிப்பும் உண்டு. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், பிறகு ரயில்வேயிலோ காவல் துறையிலோ ஓர் உத்தியோகம் என்று கணக்கிட்டே பல குடும்பங்கள் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகின்றன. வறுமையிலிருந்து கரையேற அது ஒரு நேர்மையான வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் இடம் கிடைத்த மறுநாளே ஸ்பைக்ஸ் காலணியைப் பரணில் போட்டுவிடும் இளைஞனைக் கண்டு நாம் வியப்படைவதற்கு நியாயமில்லை. அவன் எதற்காக ஓடினானோ அது அவனுக்குக் கிடைத்துவிட்டது.

அப்படியானால் உள்ளிருந்து எழும் உற்சாகத்துக்கு ஆதாரம் எது? எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் என்னும் இரு அறிஞர்கள் பல்லாண்டுகள் ஆராய்ந்து உருவாக்கிய சுயநிர்ணயக் கொள்கை, மனித சுபாவத்துக்கு இன்றியமையாத மூன்று தேவைகளை எடுத்துக் கூறுகிறது: இது நானே தேர்ந்துகொண்டது என்னும் சுதந்திர உணர்வு, நாளுக்கு நாள் நான் தேறி வருகிறேன் என்னும் திறமை உணர்வு, நான் இவர்களைச் சேர்ந்தவன் என்னும் உறவு உணர்வு. இம்மூன்றும் கிட்டும் இடத்துக்குப் பிள்ளை தானே வந்து சேரும். கிட்டாத இடத்தில் எவ்வளவு நாட்கள் இழுத்துப் பிடித்தாலும் நிற்காது. உடல் எடையைக் குறைப்பதற்காகப் பானிப்பட்டுக்கு அனுப்பப்பட்ட நீரஜ் சோப்ரா என்னும் சிறுவன், அங்குள்ள சிவாஜி மைதானத்தில் ஈட்டி எறிபவர்களைக் கண்டு, அதைத் தானே விரும்பி எடுத்துக்கொண்டான் என்பதை நாம் அறிவோம். அனுப்பியவர்கள் பெரியவர்கள், ஈட்டியைத் தேர்ந்தவன் சிறுவன். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற வரலாற்றின் தொடக்கம் அதுவே.

இந்த உண்மையை ஒரு தேசத்தின் விதியாகவே ஆக்கிக்கொண்ட நாடு நார்வே. அந்நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் குழந்தைகளின் விளையாட்டுக்கென 1987-இல் விதிகளை வகுத்து, 2007-இல் அவற்றைக் குழந்தைகளின் உரிமைகளாக விரித்துரைத்தது. எந்த விளையாட்டை, எத்தனை விளையாட்டுகளை, எவ்வளவு நேரம் பயில்வது என்பதில் குழந்தையின் விருப்பத்துக்கு இடமளிக்க வேண்டும். 11 வயதுக்கு முன் வெற்றி தோல்விப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடலாகாது. 13 வயதுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டி கூடாது. பரிசு கொடுப்பதானால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. இப்படிச் செல்லமாக வளர்த்தால் போட்டி மனப்பான்மை மழுங்கிவிடாதா என்று கேட்கத் தோன்றும். சுமார் 55 லட்சம் மக்களே வாழும் அந்நாடு, 2022-இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை எந்நாடும் பெறாத வகையில் 16 தங்கப் பதக்கங்களைப் பெற்றது. பனியும் செல்வமும் பழக்கமும் அதற்குப் பெருந்துணை என்பதால், விதிகளே வெற்றியைத் தந்தன என்று வாதிடுவது பொருந்தாது. விதிகளால் வெற்றி கெட்டுப்போகவில்லை என்ற மட்டில் திருப்தியடையலாம்.

எதிர்த்தரப்பிலும் உதாரணம் உண்டு. தந்தையின் கடுமையான நிர்ப்பந்தத்தால் வளர்ந்த டென்னிஸ் வீரர் அந்த்ரே அகாசி, ஒற்றையர் ஆட்டத்தில் எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றார். அவ்வளவு காலமும் டென்னிஸை உள்ளூர வெறுத்துக்கொண்டிருந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியுமிருக்கிறார். நிர்ப்பந்தத்தால் வெற்றி வாராதென்று சொல்ல முடியாது. ஆனால் அகாசியின் திறமை இல்லாமல் அவருடைய வெறுப்பு மாத்திரம் எஞ்சிய பிள்ளைகளுக்குச் சுயசரிதை எழுத வாய்ப்பில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

சுதந்திரம் என்றதும், இஷ்டப்பட்டால் வரட்டும், இல்லையேல் உறங்கட்டும் என்று விட்டுவிடுவதென்று பொருள் கொள்ளக் கூடாது. நானூறு மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடும் அப்பியாசம் எவருக்கும் இன்பமாயிராது. ஆயினும் அது எதற்காக என்று விளங்கிக்கொண்ட பிள்ளை, இன்பமில்லாத அந்த உழைப்பையும் தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது. எனவே பயிற்சியாளர் கட்டளையோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்வதும், இரண்டு பயிற்சிகளைக் காட்டி ஒன்றைத் தேரச் சொல்வதும், பிழையைத் தாம் எடுத்துரைக்குமுன் எங்கே தவறியது என்று பிள்ளையையே கேட்பதும் சிறிய காரியங்களாகத் தோன்றினாலும் பெரிய பலன் தருபவை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் நேரத்தோடு ஒப்பிடாமல், சென்ற மாதத்துத் தன் நேரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள ஒரு குறிப்பேடு கொடுத்தால், தோற்ற நாளிலும் முன்னேற்றம் கண்ணுக்குத் தென்படும்.

பாராட்டிலும் விவேகம் வேண்டும். நீ புத்திசாலி என்று புகழப்பட்ட சிறுவர்கள் ஒரு தோல்விக்குப்பின் எளிதில் தளர்ந்துபோவதையும், நன்றாகப் பிரயாசைப்பட்டாய் என்று புகழப்பட்டவர்கள் விடாமல் முயல்வதையும், கிளாடியா ம்யூல்லர், கேரல் டுவெக் ஆகிய அறிஞர்கள் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், விட்ட கேட்சையும் தவறிய பந்தையும் பட்டியலிடும் தந்தை, அன்று ஒரு பாடம் கற்பித்ததாக எண்ணலாம். பிள்ளையோ, ஆட்டத்தைக் காட்டிலும் அதன் பின்வரும் விசாரணைக்கு அஞ்சக் கற்றுக்கொள்கிறது. பசிக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளையே பேச்செடுக்கும்வரை பொறுத்திருப்பது உத்தமம்.

மைதானத்துக்கு வரும் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் பதக்கம் பெறப் போவதில்லை. பதக்கம் ஒன்றே இலக்கானால் அவர்களுடைய காலைப் பொழுதுகள் யாவும் நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிடும். விளையாட்டில் பிரியம் நிலைத்திருக்குமானால், நாற்பது வயதிலும் மாலையானதும் பூப்பந்து மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பும் மனிதர்களாக அவர்கள் இருப்பார்கள். வீரர்களை உண்டாக்குவதற்கு முன்பாகப் பெரியவர்கள் ஏற்க வேண்டிய பொறுப்பு, இந்தப் பிரியத்தைக் கெடுக்காதிருப்பதே.